பெட்டிக்குள் வந்த கப்பல்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



சேந்தமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் கட்டினேன் என்று சொன்னால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள். மீதிப்பேர் "காகிதக் கப்பலா?" என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் நைனாமலை, நடுவில் மரவள்ளிக் காடு. கடல் பார்க்க வேண்டுமென்றால் விடியக்காலையில் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் கட்டினேன். மரக்கப்பல். இரண்டு பாய்மரம். நீளம் 40 சென்டிமீட்டர்! ஏழு மாதம் ஆனது.

எப்படிக் கட்டுவது என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் ஏன் கட்டினேன் என்பதைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது.

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் எனக்கு அரியர். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. மினி டிராஃப்டரைப் பிடிக்கத் தெரியும், கோடு சுத்தமாக விழும், எழுத்தும் அழகாக இருக்கும். ஆனால் "இந்தப் பொருளை ஏ-ஏ கோட்டில் வெட்டினால் எப்படித் தெரியும்?" என்று கேட்டால் மூளை நின்றுவிடும். வெட்டிப் பார்க்கிற கண் எனக்கு இல்லை என்று டிராயிங் ஹாலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்போதுதான் பாய்மரக் கப்பல் கிட் ஒன்றை விற்பனையில் பார்த்தேன். தமிழ்ப் புதல்வன் பணம் இரண்டு மாதத்தையும், கையில் இருந்த சில்லறையையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பெட்டி வந்த அன்று அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அரியர் ஃபீஸ் கட்டறதுக்கு வெச்சிருந்த காசுல பொம்மையாடா வாங்கீட்டு வந்தே?" பதில் சொல்ல வழியில்லை. அப்படிப் பார்த்தால் அது பொம்மைதான்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "பாஸ்வுட்டாட்டம் இருக்குது மாப்ளே. நெருக்கமான நாரு. நல்ல மரம்" என்றார். மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 22 வருஷம் தச்சு வேலை பார்த்தவர். போன வருஷம் ரம்ப மிஷினில் வலது கையின் இரண்டு விரல்கள், ஆள்காட்டி விரலும் நடுவிரலும், போய்விட்டன. பட்டறைக்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள். "கை சரியானதும் வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். கை எங்கே சரியாகும்? அன்றிலிருந்து அவருடைய உளிப்பெட்டி பரண்மேல்தான். யாராவது தொட்டால் கோபம் வரும்.

சரி, பெட்டிக்குள் வருவோம்.

திறந்தால் கப்பல் இருக்காது. லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகள் நாலைந்து, 5 மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள மரப்பட்டைகள் ஒரு கட்டு, உருட்டுக் குச்சிகள், நூல்கண்டு, பித்தளைக் கம்பி, பாய்க்குத் துணி, மிளகைவிடச் சிறிய மரக் குமிழ்கள், அப்புறம் ஒரு பெரிய வரைபடம். அளவு விகிதம் 1:100. அதாவது மாதிரியில் 1 மில்லிமீட்டர் நிஜத்தில் 10 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் மேல்தளத்தில் நிற்கும் மாலுமி வெறும் 16 அல்லது 17 மில்லிமீட்டர் உயரம்! இன்னொன்றும் கவனியுங்கள். 5 மில்லிமீட்டர் பட்டை என்றால் நிஜத்தில் அரை மீட்டர் அகலப் பலகை. அவ்வளவு அகலத்தில் யாரும் கப்பலுக்குப் பலகை அடிப்பதில்லை. கிட் செய்கிறவர்கள் நம் வசதிக்காகச் செய்த சமரசம் அது.

வரைபடத்தை விரித்ததும் பழைய பயம் வந்துவிட்டது. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம்! மூலையில் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். அதற்கு 'பாடி பிளான்' என்று பெயர் போட்டிருந்தது. படித்துக் காட்டியதும் மாமா சிரித்துவிட்டார். "இதுக்கும் பாடிதானா? அப்ப நம்ம வேலைதான்டா!"

முதல் வேலை ஏரா. கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பை நம் கடற்கரைக்காரர்கள் ஏரா என்பார்கள். கிட்டில் அது ஒரே பிளைவுட் துண்டு. அதன் மேல் வரிசையாக வெட்டுவாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்குச் சட்டத்தைச் செருக வேண்டும். அதுதான் வங்கு, அதாவது விலா எலும்பு. என்னுடையதில் 11 வங்குகள். முதல் வங்கு ஒடுங்கி 'வி' எழுத்துபோல் இருக்கும். ஆறாவது நன்றாக வயிறு விரிந்திருக்கும். பதினொன்றாவது மறுபடி ஒடுங்கும்.

நண்பர்களே, ஆறாம் நம்பர் வங்கைச் செருகும்போதுதான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. கப்பலை அந்த இடத்தில் ரம்பத்தால் அறுத்தால் தெரிகிற உருவம்தான் இந்தத் துண்டு! ஏ-ஏ கோடு, பி-பி கோடு என்று ஹாலில் போட்டதெல்லாம் இதுதான். வெங்காய வளையங்கள் என்று நான் நினைத்தது இந்த 11 துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த தோற்றம். இரண்டு வருஷமாகப் புரியாதது ஒரு பிளைவுட் துண்டைக் கையில் பிடித்ததும் புரிந்தது என்றால் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

வங்குகளை ஒட்டும்போது மூலைமட்டம் கட்டாயம் வேண்டும். ஏராவுக்கு ஒவ்வொன்றும் 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் அதன்மேல் வருகிற பலகைகள் அத்தனையும் கோணலாகும். பசைக்கு ஃபெவிகால்தான் நல்லது. அதில் இருக்கிற தண்ணீர் மரத்துக்குள் இறங்கி ஆவியாகப் போன பிறகுதான் பிடிப்பு வரும், ஆகையால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஃபெவிக்விக் வகைப் பசைகள் காற்றில் உள்ள ஈரத்திலேயே நொடியில் இறுகிவிடும். சின்னச் சாமான்களுக்குச் சரி, வங்குக்கு வேண்டாம். விரலையும் சேர்த்து ஒட்டிவிடும்!

அடுத்தது எவரும் பொறுமையாகச் செய்யாத வேலை. லேசர் வெட்டிய வங்கின் விளிம்பு சதுரமாக இருக்கும். ஆனால் அதன்மேல் படுக்கிற பலகை வளைந்து போகிறது. ஆகவே விளிம்பையும் அந்த வளைவுக்குத் தகுந்தபடி சாய்த்துத் தேய்க்க வேண்டும். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டு உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தால், எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரியும். நான் கண்ணால் பார்த்துச் சரி என்றேன். மாமா இடது கைப் பெருவிரலை முன்னிருந்து பின்னாக ஓட்டினார். "நாலாம் நம்பர்ல மேடு, கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாரு, தெரியும்" என்றார். தெரிந்தது. ஒரு நூல்கூட இருக்காது அந்த மேடு.

இனி பலகை. இங்கேதான் நான் கோட்டைவிட்டேன்.

அன்று ராத்திரி ஒரு வேகம். இடது பக்கத்தில் ஐந்து பட்டைகளை ஒரே மூச்சில் ஒட்டித் துணிக்கிளிப் மாட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஏரா வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் முனையில் 4 மில்லிமீட்டர் கோணல்.

காரணம் யோசித்தால் எளிது. வளைத்து ஒட்டிய பட்டை ஒவ்வொன்றும் பழையபடி நிமிரப் பார்க்கிறது. ஐந்தும் ஒரே பக்கம் இழுத்தால், மறுபக்கம் தடுக்க ஆள் இல்லாதபோது, முதுகெலும்பு அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்? லாரிச் சக்கரத்து நட்டை வரிசையாகவா முறுக்குகிறோம்? எதிரெதிராக முறுக்குகிறோம். சிலிண்டர் ஹெட் போல்ட்டும் அப்படித்தான். இதற்கும் அதே சட்டம்: இடதில் ஒன்று, வலதில் ஒன்று. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், கையில் வரவில்லை.

மாமா திட்டவில்லை. "வெந்நி வெச்சு எடு" என்றார். வெள்ளைப் பசை வெந்நீரில் இளகிவிடும். துணியை நனைத்து ஒத்தி ஒத்தி ஐந்தையும் பிரித்தேன். இரண்டு ஒடிந்துவிட்டன. பெட்டியில் வேறு கணக்காகத்தான் பட்டை இருந்தது, போதாததற்கு அனுப்பியவர்கள் ஒரு பட்டை குறைத்தே வைத்திருந்தார்கள். மூன்று பட்டைக்கு எங்கே போவது?

சாயங்காலம் மாமா பரணில் இருந்து உளிப்பெட்டியை இறக்கச் சொன்னார். கொல்லிமலையில் மிளகுக் கொடிக்காக வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தின் துண்டு ஒன்று கொல்லையில் கிடந்தது. இடது கையால் இழைப்புளியைப் பிடித்து, வலது உள்ளங்கையால் அழுத்தி, மெதுவாக இழைத்தார். முதல் இரண்டு முறை நழுவியது. நான் பிடிக்கப் போனேன். "நீ அக்கட்டால போ" என்றார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் மூன்று பட்டை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. பழைய மாமாவாக இருந்தால் பத்து நிமிஷ வேலை.

பட்டை வளைப்பதற்கு வருகிறேன். மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும், ஆறினால் இறுகும். ஆகவே பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறவைப்பதைவிட ஆவியில் வைப்பது மேல். படகு கட்டுபவர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்று தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் மூன்றரை நிமிஷம். இட்லிக் குண்டா போதும்! தட்டை எடுத்துவிட்டு, பட்டையைப் பாதி பாதியாக ஆவியில் காட்டலாம், ஏனென்றால் வளைவு தேவைப்படுவது முன்முனையில்தான். எடுத்த சூட்டோடு வளைத்துப் பிடித்து, ஆறியபின், முழுக்கக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இது நன்றாகவே தெரியும்.

இன்னொரு கணக்கு. நடு வங்கில் மேல்தளத்திலிருந்து ஏராவரை விளிம்பை அளந்தேன்: 70 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் பட்டை என்றால் 14 பட்டை. ஆனால் முன்முனையில் அதே தூரம் 42 மில்லிமீட்டர்தான். அதே 14 பட்டையும் அங்கே அடங்க வேண்டுமே? 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. ஆகவே ஒவ்வொரு பட்டையும் நடுவில் 5, முனையில் 3 என்று ஒடுங்கும்படி சீவ வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே சீவக் கூடாது, உடைந்துவிடும். பின்பக்கம் நேர்மாறு. அங்கே 84 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் போதாது. நடுவில் ஆப்புபோல் கூரான துண்டுகளைச் செருகி நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டையை அப்படியே ஒட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் பாதியில் பெட்டியை மூடியிருப்பார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். நான் கட்டுவது எந்தக் கப்பல் என்று படித்துப் பார்த்தேன். 1840 காலத்து மாதிரி, பால்டிமோர் வகை. அமெரிக்காவின் செசபீக் வளைகுடாப் பக்கம் உருவானது. ஒல்லியான உடம்பு, பின்னோக்கிச் சாய்ந்த பாய்மரங்கள், நல்ல வேகம். 1812-இல் பிரிட்டனோடு நடந்த போரில் எதிரிச் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கத் தனியார் இவற்றை ஓட்டினார்கள். பிரிட்டன் 1807-இலும் அமெரிக்கா 1808-இலும் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைச் சட்டப்படி தடுத்த பிறகு, ரோந்துக் கப்பல்களுக்குத் தப்பி அடிமைகளைக் கடத்தவும் இந்த வேகம் பயன்பட்டது. பெட்டியின்மேல் இதெல்லாம் போடவில்லை. மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆளுங்களை எந்த எடத்துல போட்டிருப்பாங்க?" என்று கேட்டார். மேல்தளத்துக்குக் கீழே, மூன்றாம் வங்குக்கும் எட்டாம் வங்குக்கும் நடுவில் காட்டினேன். விரலை உள்ளே விட்டு உயரம் பார்த்தார். "ஆளு நிமுந்து உக்காரக்கூட முடியாது போல" என்றார். பிறகு, "இதுக்கு வேற பேரு வை மாப்ளே" என்றார்.

பெயர் தேடும்போதுதான் நம் பக்கத்துக் கப்பல் ஒன்று கிடைத்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'. இரண்டு பாய்மரம், ஏறக்குறைய 89 அடி நீளம். 1:100-இல் செய்தால் 27 சென்டிமீட்டர் வரும். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவி பெயரைச் சூட்ட, வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைப் பாய்விரித்தே ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவின் க்ளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். என் கப்பல் அதன் மாதிரி அல்ல, உருவம் வேறு. பெயர் மட்டும்தான் கடன்.

கேரளத்துப் பேப்பூரில் உரு கட்டும் மூத்த தச்சர்கள் காகித வரைபடம் இல்லாமல் மனக்கணக்கிலேயே கட்டுவார்கள் என்று சொன்னதும் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். "நாங்க மட்டும் என்ன, டிராயிங் பாத்தா பாடி கட்டுனோம்?" என்றார். வரைபடத்தோடு மல்லுக்கட்டி இரண்டு அரியர் வைத்த எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

ஆனால் வரைபடமே கிடைக்காத பழைய கப்பலைத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால்? நம் கடற்படையின் 'கௌண்டின்யா' கதை அதுதான். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஒரு கப்பலை மட்டும் வைத்துக்கொண்டு, பலகைகளை ஆணியடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். தையல் கப்பலில் முறையே தலைகீழ், பலகைகளைத் தைத்துச் சேர்த்த பிறகுதான் வங்கு வைப்பது வழக்கம். கேரளத்து பாபு சங்கரன் தலைமையில் தச்சர்கள் வேலை செய்தார்கள். அது கடலில் நிற்குமா, ஓடுமா என்று தெரிந்துகொள்ளச் சிறிய மாதிரி செய்து சோதித்தது நம் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை! 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. பொம்மை என்று அம்மா சொன்னபோது இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது தெரியாது.

மாதிரியை வைத்துப் பெரிய கப்பலை எப்படிக் கணிக்கிறார்கள்? வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872-இல் டார்க்கி என்ற ஊரில் தொட்டி கட்டி இதை நிலைநாட்டினார். அலை எழுவது ஒத்துப்போக வேண்டுமானால் வேகத்தை நீள விகிதத்தின் வர்க்கமூலத்தால் குறைக்க வேண்டும். 1:100 மாதிரிக்கு வர்க்கமூலம் 10. நிஜக் கப்பல் 10 நாட் வேகத்தில் போனால் மாதிரியை 1 நாட்டில் இழுக்க வேண்டும்.

"அப்ப உன் கப்பலை ஏரியில விடலாம் வாடா" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இன்னும் விடாமல் கேட்கிறான். அவனுக்காக: பாயில் காற்று அடித்துச் சாய்க்கிற திருப்புவிசை, பாயின் பரப்பு, உயரம் இரண்டையும் பொறுத்தது, நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும். நிமிர்த்துகிற திருப்புவிசை எடையையும் அகலத்தையும் பொறுத்தது, நான்மடிப் பெருக்கமாக மாறும். 100-இல் ஒரு பங்கு ஆக்கினால், அதே காற்றில் குட்டிக் கப்பல் 100 மடங்கு சுலபமாகக் கவிழும். ஆகவே ஏரிக்கு வராது, மன்னிக்கவும்.

கயிறு வேலை பற்றி எழுதினால் மலர் முழுக்க எனக்கே வேண்டும். பாய்மரக் குச்சியை மேலே போகப்போக ஒல்லியாகத் தேய்க்க வேண்டும், டிரில்லில் மாட்டிச் சுழற்றி உப்புத்தாளைப் பிடித்தால் ஆயிற்று. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் அடியில் மூன்று கண் வைத்த குமிழ்கள் இரண்டிரண்டாக வரும். நூலைக் கோத்து இழுத்தால் இறுகும், நம் டர்ன்பக்கிள் செய்கிற வேலைதான். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமி ஏறுவதற்கான படிக்கயிறு. மாட்டைக் கம்பத்தில் கட்டுவதுபோல் இரட்டைச் சுற்று முடிச்சு. என் கணக்கில் 192 முடிச்சு. மெல்லிய நூலை மாமாவால் பிடிக்க முடியாது, ஆகவே முடிச்சு அத்தனையும் நான். அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். 140-க்குப் பக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். பாய்த்துணியை டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் பழைய நிறம் வரும். அம்மா டிக்காஷன் கொடுத்தார். அதுவே சமாதானக் கொடி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் கிராஃபிக்ஸ் கிளியர் செய்துவிட்டேன். மார்க்கைக் கேட்காதீர்கள். மாமா இப்போது வேறொரு பட்டறைக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறார். ரம்பம் பக்கம் போவதில்லை, பலகைக்கு அளவு போட்டுக் கொடுக்கிறார். உளிப்பெட்டி பரணுக்குத் திரும்பவில்லை.

கப்பல் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இடது பக்கம் மேலிருந்து நாலாவது, ஐந்தாவது, ஆறாவது பட்டைகள் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், அது சில்வர் ஓக். வார்னிஷ் அடிக்கும்போது அதையும் ஒரே நிறமாக்கிவிடலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார். பார்க்க விரும்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். பஜ்ஜி தின்ற கையோடு தொட வேண்டாம்.